தனிமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது வருடத்துக்கும் மேலாக உங்கள் நாளிதழை வாங்கிப் படிக்கிறவள் நான். ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது, இரண்டு வாரமாக மனதில் கிடந்து உறுத்துகிறது, அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் வரும். இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், விஷயம் மட்டும் விட்டுப்போகாமல் இருந்தால் போதும்.

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு இணைப்பில் தனிமை தரும் நிம்மதியைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. தினமும் கொஞ்ச நேரமாவது தனிமையில் இருங்கள், மனம் தெளியும் என்று எழுதியிருந்தார்கள். நல்ல கட்டுரை, நானே இரண்டு தடவை படித்தேன். அதே நாள் உள்பக்கத்தில் மருத்துவப் பகுதியைத் திருப்பினால், முதியவர்களை வாட்டும் தனிமை என்று இன்னொரு கட்டுரை. தனிமை உடம்பையும் கெடுக்கும், தனிமையில் இருப்பவர்களை உடனே கவனியுங்கள் என்று அதில் இருந்தது. இரண்டையும் ஒரே காலையில் படித்த எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி, பேப்பரைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றாள். "ஏன்க்கா, இதுல எதை எடுத்துக்கிறது? தனியா இருக்கணுமா, இருக்கக் கூடாதா? நீங்க வேற வீட்ல ஒத்தையில இருக்கீங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

அவள் கேட்டதில் தப்பே இல்லை. இரண்டு கட்டுரையும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை என்று படிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் கட்டுரையில் தனிமை என்று இருந்த இடமெல்லாம் மூலத்தில் 'சாலிட்யூட்' இருந்திருக்கும், அதாவது விரும்பித் தனித்திருக்கிற அமைதி. இரண்டாவதில் 'லோன்லினெஸ்', ஆள் இல்லையே என்று வாடுவது. ஆங்கிலத்தில் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு சொற்களை எடுத்து, தமிழில் ஒரே பானையில் போட்டுக் கிண்டிவிட்டார்கள். படிக்கிறவர் எதைச் சாப்பிடுவார்?

நான் ஆங்கில ஆசிரியையாக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போதும் மதுரை நாகமலை புதுக்கோட்டையில் வீட்டு முன்னறையில் சாயங்காலம் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அதனால் இந்தக் குழப்பம் பேப்பரோடு நிற்பதில்லை என்பதை நோட்டைத் திருத்தும்போது கண்ணாரப் பார்க்கிறேன். போன மாதம் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தன் குடும்பத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதிக் கொண்டுவந்தாள். அழகான கையெழுத்து. அதில் ஒரு வரி: 'மை கிராண்ட்ஃபாதர் இஸ் சஃபரிங் ஃப்ரம் சாலிட்யூட்.' தாத்தா சாலிட்யூட்டால் அவதிப்படுகிறார் என்று அர்த்தம். சிவப்புப் பேனாவை எடுத்தேன், அப்புறம் கீழே வைத்துவிட்டேன். எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப் பிழையும் இல்லை. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன்.

"பாப்பா, தாத்தா ஒத்தையில இருக்கப் பிடிச்சு இருக்காரா, இல்ல ஆள் இல்லையேன்னு கஷ்டப்படுறாரா?"

"கஷ்டப்படுறாரு மிஸ். அப்பத்தா செத்ததுல இருந்து டிவிய நிறுத்தவே விடமாட்டாரு. பார்க்கவும் மாட்டாரு. நிறுத்துனா மட்டும் எந்திரிச்சு வந்துருவாரு."

அந்தப் பிள்ளை ஒரே மூச்சில் சொன்னதை எந்த அகராதியும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது. ஓடுகிற டிவியை அவர் பார்க்கவில்லை, வீட்டில் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது லோன்லினெஸ். பிள்ளையிடம் இருந்த கையடக்க அகராதியைப் புரட்டினால் இரண்டு சொல்லுக்கும் தனிமை, தனிமை என்றே போட்டிருக்கிறது. பிறகு அவளை எப்படிக் குறை சொல்வது?

பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கிற முறை ஒன்று உண்டு. ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள அதன் கூட்டாளிகள் யார் என்று பார்க்க வேண்டும். சாலிட்யூட்டுக்குப் பக்கத்தில் ஆங்கிலேயர்கள் வைக்கிற வினைச்சொற்கள் தேடுவது, அனுபவிப்பது, வேண்டுவது, கண்டடைவது: சீக், என்ஜாய், நீட், ஃபைண்ட். லோன்லினெஸ்ஸுக்குப் பக்கத்தில் வருபவை வேறு, அவதிப்படுவது, உணர்வது, எதிர்த்துப் போராடுவது: சஃபர், ஃபீல், ஃபைட். ஒருவர் சாலிட்யூட்டை நாடிப் போகிறார், லோன்லினெஸ் தானாக வந்து ஒருவர் மேல் விழுகிறது. 'அலோன்' நடுவில் நிற்கிற சொல், அதற்குச் சந்தோஷமும் இல்லை துக்கமும் இல்லை, பக்கத்தில் வேறு ஆள் இல்லை என்ற செய்தியோடு சரி. 'ஆல்', 'ஒன்' என்ற இரண்டு சொல் ஒட்டிப் பிறந்தது அது. அதைப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வைக்க முடியாது, 'ஆன் அலோன் மேன்' என்று எழுதினால் தப்பு. 'லோன்லி' லி-யில் முடிந்தாலும் வினையுரிச்சொல் இல்லை, பெயரடை. சாலிட்யூட் பெயர்ச்சொல், கிராட்டிட்யூட், ஆட்டிட்யூட் மாதிரி. அதனால் 'ஐ ஆம் சாலிட்யூட்' என்று சொல்ல முடியாது. 'ஐ நீட் சம் சாலிட்யூட்' சரி, 'ஹி லிவ்ஸ் இன் சாலிட்யூட்' சரி. ஆளுக்கு மட்டுமல்ல, இடத்துக்கும் அந்தச் சொல் பொருந்தும், மலையின் சாலிட்யூட் என்றால் மலையில் நிலவுகிற அந்த ஆளரவமற்ற அமைதி. லத்தீனில் 'சோலுஸ்' என்றால் தனித்த என்று பொருள், அதிலிருந்து பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது.

ஆனால் அதே சோலுஸ் வேரிலிருந்து வந்த 'சாலிட்டரி', தனியான என்ற பெயரடை, அதனிடம் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். நடைப்பயிற்சிக்கு முன்னால் வந்தால் அது இனிமையான சொல், சிறைக்கு முன்னால் வந்தால் கொடுமை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 73ஆம் பிரிவு அந்தத் தண்டனையை மொத்தம் மூன்று மாதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று வரம்பு கட்டியிருந்தது என்றால், ஒரு மனிதனை மனிதர்களிடமிருந்து பிரித்து அடைப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அதையும் நாம் தனிமைச் சிறை என்றுதான் எழுதுகிறோம்.

ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில்ஸ் பாட்டு உங்களில் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த நினைவு இருக்கும். முதல் வரியில் லோன்லி, கடைசிப் பத்தியில் சாலிட்யூட், இரண்டும் ஒரே பாட்டில் இருப்பதால் நான் வருடா வருடம் இதை வைத்துத்தான் பாடத்தைத் தொடங்குவேன். மேகம் மாதிரி தனியாகத் திரிந்தேன் என்று கவிஞர் சொல்கிறார், ஆனால் 1802 ஏப்ரல் 15ஆம் தேதி அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அந்த மஞ்சள் பூக்களைப் பார்த்தபோது தங்கை டொரத்தி கூடவே நடந்து வந்திருக்கிறார், தன் நாட்குறிப்பில் எழுதியும் வைத்திருக்கிறார். சாலிட்யூட் என்ற சொல் அந்த ஏரிக்கரையிலே வரவில்லை. வெகுநாள் கழித்து வீட்டில் சாய்ந்து படுத்திருக்கும்போது அந்தப் பூக்கள் மனக்கண்ணில் பளிச்சென்று வருகிற இடத்தில்தான், அதுவும் பேரின்பம் என்று பொருள்படும் 'பிளிஸ்' என்ற சொல்லோடு சேர்ந்து வருகிறது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது என்னவென்றால், மனக்கண்ணைப் பற்றிய அந்த இரண்டு வரியைக் கொடுத்தவர் அவருடைய மனைவி மேரி. பாட்டில் சிறந்த வரிகள் அவைதான் என்று கவிஞரே ஒப்புக்கொண்டிருக்கிறார். 1804 வாக்கில் எழுதத் தொடங்கிய பாட்டு, 1807இல் அச்சில் வந்தது. அந்தச் சமயத்தில் அவர்கள் இருந்தது சின்ன வீடு, நாத்தனார் கூட இருக்கிறார், கைக்குழந்தை இருக்கிறது. அந்த வீட்டில் இருந்த ஒரு பெண்ணிடமிருந்துதான் சாலிட்யூட்டின் பேரின்பம் என்ற வரி வந்திருக்கிறது. அதன் அருமை யாருக்குத் தெரியும் என்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

தமிழில் இதற்குச் சொல் இல்லையா என்றால், இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் இருந்திருக்கிறது. தொல்காப்பியம் உரியியலில் 'புலம்பே தனிமை' என்று ஒரு வரி. இன்றைக்குப் புலம்பு என்றால் அரற்றுவது, குறைபட்டுக்கொள்வது. அன்றைக்கு அதற்குத் தனிமை என்று பொருள், அதுவும் சங்கப் பாடல்களில் துணையைப் பிரிந்தவரை மாலை நேரத்தில் வந்து பிடித்துக்கொள்கிற தனிமை. நினைத்துப் பாருங்கள், தனித்து விடப்பட்டவர் செய்கிற காரியமே அந்தச் சொல்லுக்குப் பொருளாக மாறிப்போயிருக்கிறது. இந்தப் பக்கம் ஔவையார் பாட்டு என்று சொல்லி நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தது, 'இனிது இனிது ஏகாந்தம் இனிது'. இனியது எது என்று கேட்ட முருகனுக்கு முதல் பதிலாக வருவது ஏகாந்தம்தான். ஏகாந்தத்தால் அவதிப்படுகிறார் என்று தமிழில் யாராவது சொல்வார்களா? காதே ஒப்புக்கொள்ளாது.

ஏகாந்தம் என்பதிலும் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கோயிலில் இரவு நடக்கும் ஏகாந்த சேவையும் அந்தச் சொல்தான், பழைய கதைகளில் நாயகனும் நாயகியும் சோலையில் ஏகாந்தமாக இருந்தார்கள் என்று இரண்டு பேருக்கும் சேர்த்து வருவதும் அதுதான். கொஞ்சம் புத்தக வாசனையும் அடிக்கும், எங்கள் தெருவில் யாரும் நேற்று சாயங்காலம் ஏகாந்தமாக இருந்தேன் என்று பேசுவதில்லை. என்ன சொல்கிறார்கள்? "என்னக்கா பண்றீங்க?" "ஒண்ணுமில்லடி, சும்மா கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேன்." இந்த சும்மாதான் எங்கள் ஊர் சாலிட்யூட் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம். அருணகிரிநாதருக்கு முருகன் 'சும்மா இரு சொல் அற' என்று சொன்னதாகக் கந்தரனுபூதியில் வருகிறதே, அந்த சும்மாவும் இந்த சும்மாவும் ஒன்றுதான். வள்ளலார் 'தனித்திரு' என்றார். தனித்திரு என்று ஏவலாகச் சொல்லலாம், அது நாம் செய்கிற காரியம். தனிமையை யாரும் யாரையும் பார்த்துச் செய் என்று சொல்ல மாட்டார்கள்.

மதுரைக்காரர்களுக்கு இதற்கு எங்கோ இங்கிலாந்து வரைக்கும் போக வேண்டாம். மீனாட்சி கோயிலுக்குப் பக்கத்தில் சொக்கப்ப நாயக்கன் தெருவில் ஒரு வீடு இருக்கிறது. 1896 ஜூலையில் அந்த வீட்டு மாடி அறையில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் தனியாக உட்கார்ந்திருந்தான். திருச்சுழியில் பிறந்து, அப்பா இறந்துபோனதால் சித்தப்பா வீட்டில் தங்கி அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன், பின்னால் ரமண மகரிஷி. உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஆனால் திடீரென்று சாவு பயம் வந்தது. கத்திக் கூப்பிட்டு ஆளைச் சேர்க்கவில்லை. அப்படியே நீட்டிப் படுத்து, செத்துப்போவது இந்த உடம்புதானே, நான் யார் என்று உள்ளுக்குள்ளேயே பார்த்தார். அது வரைக்கும் கூட்டாளிகளோடு எப்போதாவது மீனாட்சி கோயிலுக்குப் போனவர், அதற்கப்புறம் அநேகமாகத் தினமும் சாயங்காலம் தனியாகப் போய் அறுபத்துமூவர் முன்னால் நிற்க ஆரம்பித்தார். வீட்டில் ஆட்கள் நிறைய, பள்ளிக்கூடத்தில் பையன்கள் நிறைய, கோயிலில் கூட்டம். அதற்கு நடுவில்தான் அத்தனையும்.

ஒரு ஆங்கில ஆசிரியையாக எனக்கு அந்தக் கதையில் மறக்க முடியாத இடம் அடுத்த மாதம் வருகிறது. ஆகஸ்ட் 29ஆம் தேதி. பாடம் படிக்காததற்குத் தண்டனையாக, பெயின் என்பவர் எழுதிய ஆங்கில இலக்கணப் புத்தகத்தில் ஒரு பாடத்தை மூன்று தடவை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு தடவை எழுதிவிட்டார். மூன்றாவது தடவைக்கு நோட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். இப்படி இருக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று அண்ணன் சொன்ன ஒரு வார்த்தைதான், பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு, கட்டணம் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மிச்சம் இரண்டு ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுக் கிளம்பினார். செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை. அந்தக் கடிதம் நான் என்று தொடங்கி, இரண்டாவது வரியிலேயே தன்னை இது என்று குறிப்பிட்டு, கையெழுத்து இல்லாமல் முடிகிறது. நான் இத்தனை வருடத்தில் எத்தனை பிள்ளைகளை மூன்று தடவை எழுதிவா என்று சொல்லியிருப்பேன்! அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்றாவது தடவை எழுதாத நோட்டுத்தான் ஞாபகம் வரும். ஏகாந்தம் மனதில் இருக்கிறது, ஊர் நடுவில் இருந்தாலும் அமைதியாக இருக்கிறவன் ஏகாந்தத்தில்தான் இருக்கிறான், காட்டுக்குப் போயும் ஆசை விடாதவனுக்கு அது கிடைக்காது என்ற பொருளில் பின்னாளில் அவர் பேசியிருக்கிறார். அதைத் தனிமை என்று மொழிபெயர்த்துப் பாருங்கள், எப்படிப் பொருந்தும்?

எங்கள் நாகமலைப் பக்கம் கீழக்குயில்குடி சமணர் மலை இருக்கிறது. மாங்குளம், அரிட்டாபட்டி, இன்னும் மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமண முனிவர்கள் தங்கிய குகைகளும், பாறையில் வழவழவென்று செதுக்கிய கல் படுக்கைகளும் இருக்கின்றன. சனங்கள் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். மாங்குளத்துப் படுக்கைகளுக்குப் பக்கத்தில் இருக்கிற தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துக்கு இரண்டாயிரம் வயதுக்கு மேல். அந்த இருப்பிடங்களுக்குப் பள்ளி என்று பெயர். அதே சொல்தான் இன்று நம் பிள்ளைகள் போகும் பள்ளிக்கும். ஊரை விட்டு விலகி இருந்தார்கள், ஆனால் ஊர் தெரியாத தூரத்துக்குப் போகவில்லை, சோற்றுக்கு இறங்கி வரவேண்டுமே. மலையில் ஏறி நின்று கீழே வயலைப் பார்த்தால் அந்தத் தூரம் எவ்வளவு கச்சிதமாக இருக்கிறது என்று தெரியும்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

என் கணவர் போய் ஆறு வருடம் ஆகிறது. முதல் வருடம் நான் அனுபவித்தது தனிமை. அதற்கு வேறு பெயர் கிடையாது. ஒரு டம்ளர் காபிக்கு அளந்து பால் ஊற்றத் தெரியாமல் தினமும் மிஞ்சும். பிள்ளைகள் வெளியூரில், போன் வந்தால் பேச்சு, வைத்தால் வீடு. அந்த நேரத்தில்தான் 2020 வந்தது. தெருவில் ஒரு வீட்டுக்காரருக்குக் கொரோனா என்றதும் முனையில் தகரம் அடித்து அடைத்தார்கள், கதவில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று ஒட்டினார்கள். அந்தச் சொல்லே அப்புறம் பயமாகிப்போனது. இப்போது யாராவது தனிமை என்றால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அந்தத் தகரம்தான் கண்ணில் தெரியும், இதை உங்கள் மொழிபெயர்ப்பாளர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மீனாட்சி கோயில் மறுபடி திறந்து, பஸ்ஸும் ஓட ஆரம்பித்த பிறகு ஒரு நாள் பொற்றாமரைக் குளத்துப் படியில் போய் உட்கார்ந்தேன். கும்பிட்டுவிட்டு, திரும்பி வர மனம் இல்லாமல். எதிரே தண்ணீர், அதற்கு மேல் தெற்குக் கோபுரம். 2018 தீ விபத்துக்கு அப்புறம் உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது என்று ஆகிவிட்டதால் கையில் ஒன்றும் இல்லை. படி வெயிலில் காய்ந்து இன்னும் சூடாக இருந்தது, புடவைக்கு மேலேயே தெரிந்தது. பக்கத்தில் ஒரு அம்மா மல்லிகைச் சரத்தைத் தலையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார். அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒரு மணி நேரம் இருக்கும். எழுந்தபோது அவரே சிரித்து, "இங்க வந்து உக்காந்தாத்தான் நமக்குன்னு கொஞ்ச நேரம், இல்லம்மா?" என்றார். வீட்டில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஏழு பேராம். இரண்டு அறை வீடு. எனக்கு வீட்டில் யாருமில்லை, அவருக்கு வீடு நிறைய ஆள், இரண்டு பேரும் ஒரே படியில் ஒரே பொருளைத் தேடி வந்து உட்கார்ந்திருந்தோம். அதுதான் சாலிட்யூட் என்று எனக்கு அன்றைக்கு உறைத்தது. முப்பத்தொரு வருடம் சொல்லிக் கொடுத்த சொல்.

மதுரைப் பக்கத்தில் ஒரு பெண் வீட்டில் "எனக்குக் கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்" என்று சொல்லிப் பார்க்கட்டும். என்ன கோபம், யாரு என்ன சொன்னாக, உடம்பு சரியில்லையா என்று ஆரம்பித்துவிடும். கோயிலுக்குப் போய்ட்டு வர்றேன் என்றால் மட்டும் கேள்வி இல்லை. தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற உரிமை உள்ள ஒரே கதவு குளியலறைக் கதவு என்று இருக்கிற வீடுகள் எத்தனை! பரீட்சை நேரத்தில் மொட்டைமாடியில் போய் உட்காருகிற பிள்ளையை ஏன் ஒத்தையில கிடக்கிறாய் என்று கூப்பிட்டு இறக்கிவிடுகிறோம். அந்தப் பிள்ளை கேட்பதற்கு மரியாதையான ஒரு தமிழ்ச் சொல் பேப்பரில் பழகியிருந்தால், அம்மாவும் அதைப் படித்திருந்தால், கொஞ்சம் மாறும்.

மறுபக்கத்தில் நடப்பதுதான் எனக்கு இன்னும் வருத்தம். சொல் குழம்பினால் தப்பித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். வயதான அப்பாவை ஊரில் தனியாக விட்டுவிட்டு, "அவருக்கு அமைதியா இருக்கத்தான் பிடிக்கும், தனிமை நல்லதுன்னு பேப்பர்லயே போட்டிருக்கான்" என்று சொல்ல ஒரு வழி கிடைத்துவிடுகிறது. கற்பனையாகச் சொல்லவில்லை, இதே ஞாயிறு கட்டுரையைக் காட்டி இதே வார்த்தையை ஒருவர் என்னிடம் சொன்னார். அவருடைய அப்பாவான அந்தப் பெரியவர் சாயங்காலமானால் வாசலில் நாற்காலியைப் போட்டுத் தெருவில் போகிற ஒவ்வொருவரிடமும் மணி கேட்பார். கையில் கடிகாரம் கட்டியிருப்பார். பிரிட்டனில் 2018இல் லோன்லினெஸ்ஸுக்கென்று ஒரு அமைச்சரையே நியமித்தார்கள், 2021இல் ஜப்பானும் அப்படிச் செய்தது. மணி கேட்கிறவர்களுக்காக வந்த பொறுப்பு அது. அதே நாட்களில் அதே பிரிட்டனில் சாலிட்யூட்டைப் புகழ்ந்து புத்தகமும் வருகிறது, அங்கே படிக்கிறவருக்கு ஒரு குழப்பமும் இல்லை, ஏனென்றால் சொல் வேறு.

ஆசிரியர் அவர்களே, உங்கள் மொழிபெயர்ப்புப் பகுதியில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். லோன்லினெஸ் வந்தால் தனிமை என்றே இருக்கட்டும், மருத்துவக் கட்டுரையாக இருந்தால் தனிமைத் துயர் என்று போட்டால் இன்னும் தெளிவு. சாலிட்யூட் வந்தால் இடத்தைப் பார்த்து ஏகாந்தம் என்றோ தனித்திருத்தல் என்றோ எழுதுங்கள், கதையும் பேட்டியுமாக இருந்தால் தயங்காமல் சும்மா இருத்தல் என்றுகூட எழுதலாம், எங்கள் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும். ஆளைப் பிரித்து வைப்பதற்குத் தனிமைப்படுத்தல் இருக்கவே இருக்கிறது. சிறைக்குத் தனிச்சிறை போதும், நடுவில் 'மை' எதற்கு? வாசகர்களுக்கு ஏகாந்தம் கடினமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஔவைப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள், நாலு ஞாயிறு தொடர்ந்து வந்தால் பழகிவிடும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளை அந்த வரியைத் திருத்தி எழுதி வந்துவிட்டாள். 'மை கிராண்ட்ஃபாதர் இஸ் லோன்லி. ஐ டூ மை ஹோம்வொர்க் நியர் ஹிம் நௌ.' தாத்தா தனிமையில் வாடுகிறார், இப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் செய்கிறேன் என்று. பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கும் இரண்டு கட்டுரையையும் வரி வரியாக விளக்கிவிட்டேன், ஆனாலும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருதடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போகிறாள். ஒருவருக்கு நான் விளக்கிவிட்டேன். அந்தப் பெரியவரின் மகன் மாதிரி மற்றவர்களுக்கு நீங்கள்தான் விளக்க வேண்டும். வருகிற ஞாயிறு இணைப்பில், அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், நாலு வரி திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
நாகமலை புதுக்கோட்டை, மதுரை.